நீர்க்கடுப்புக்கு மாத்திரை: எது, எத்தனை நாள், எப்படி?

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, அடிவயிற்று வலி. காய்ச்சல் கிடையாது. மற்றபடி நலமாக உள்ள பெண்ணுக்கு இப்படி வந்தால் தொற்று பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்கிறது. கீழே உள்ள அளவுகள் இவர்களுக்கு மட்டுமே. கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. எல்லாம் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியவை.

மருத்துவர் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதியிருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைப் பிடித்துவிடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை லேப் டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்தால் கிருமி பெருகி, இல்லாத தொற்றைக் காட்டும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதல் தேர்வு நைட்ரோஃபுரான்டாயின். எஸ்.ஆர். வகை (மெதுவாகக் கரைவது) 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டும், மருந்தும் உடம்பில் சரியாகச் சேராது. சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட ஒன்றுமில்லை. எரிச்சலுக்கென்று கூடவே சிட்ரேட் சிரப் தருவது நம் ஊர் வழக்கம். அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும்; இந்த மாத்திரைக்கோ அமிலம் இருந்தால்தான் வேகம். இரண்டும் சீட்டில் இருந்தால் கேட்டுவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவது) உள்ளவர்களுக்கும் நைட்ரோஃபுரான்டாயின் ஆகாது.

அடுத்த தேர்வு ஃபாஸ்ஃபோமைசின், 3 கிராம் பாக்கெட், ஒரே ஒரு வேளை. இரவு சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, அரை டம்ளர் சாதாரண தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். வெந்நீர் கூடாது. எரிச்சல் அடங்க இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். மறுநாளே இன்னொரு பாக்கெட் உடைக்காதீர்கள்.

போன தடவை மிஞ்சிய சிப்ரோஃப்ளாக்சசினை எடுத்துப் போடுவதுதான் பெரிய தப்பு. இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற கிருமி, இந்தியாவில் அந்த மருந்துக்குப் பரவலாகப் பழகி, எதிர்ப்பு வளர்த்துவிட்டது. தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) பாதிப்பு வேறு வரலாம்.

குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுவலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும். மேலே சொன்ன இரண்டும் அங்கே போதிய அளவு எட்டாது; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

குணமானபின் மறுபடி கல்ச்சர் தேவையில்லை. தொந்தரவே இல்லாமல் ரிப்போர்ட்டில் கிருமி தெரிந்தால், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் தவிர, பொதுவாக மருந்து வேண்டாம்.