குவாரிக் கழிவு மேட்டில் ஆவாரை பூத்தது

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் காட்டை ஒட்டி, கைவிட்ட கிரானைட் குவாரியின் கழிவு மேடு இருக்கிறது. முதல் வருடம் குழி வெட்டி வேம்பு, புங்கன் கன்றுகள் வைத்தேன். வெயில் காலத்தில் அத்தனையும் காய்ந்துவிட்டன. மனசு விட்டுப்போனது.

ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. கல்தூள் சிமெண்ட் மாதிரி இறுகி, வேர் குழியைத் தாண்டவே இல்லை. மழைத் தண்ணீரும் இறங்காமல் மேலோடு வழிந்திருக்கிறது.

சரி, மரத்தை விட்டு மண்ணிலிருந்து தொடங்கினேன். சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கல் அடுக்கி, உள்ளே ஏரி வண்டல் கொட்டினேன். செம்மறிப் பட்டி போட்டதில் எருவும் சேர்ந்தது. அப்புறம் மழைக்கு முன்னால் கொழுக்கட்டைப்புல், கொழிஞ்சி, ஆவாரை விதைகளைத் தூவினேன். ஆவாரை விதைத்தோல் கெட்டி; வெந்நீர் ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டால்தான் சீராக முளைக்கும். கொழிஞ்சி வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும்.

புல் பிடித்த இடத்தில் மட்டும் அடுத்த வருடம் உசில், வெள்வேல் மர விதைகளை விதைத்தேன். நாற்று வைத்ததைவிட நேரடியாக விதைத்ததே நன்றாக நின்றது. இப்போது உசில் இடுப்பளவு. போன வாரம் ஆவாரம்பூவில் தேனீ மொய்த்ததைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.