டெக்ஸா ஸ்கேன்: போகும் முன்பு, படுக்கும்போது, பேப்பர் கைக்கு வந்த பிறகு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அறுபது தாண்டிய ஒரு அம்மா குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டால், மாவுக்கட்டோடு பல வீடுகளில் அந்தப் பேச்சு முடிந்துவிடும். முடியக் கூடாது. நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிகிறதென்றால், அதன் அடர்த்தியை டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில் அளந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சில் ‘எலும்புத் தேய்மானம்’ என்றால் பெரும்பாலும் முழங்கால் மூட்டுத் தேய்மானம். அது வேறு, இது வேறு. எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபொரோசிஸ், முறியும்வரை வலிக்காது. முழங்கால் வலிக்குக் காரணம் தேடி டெக்ஸா எடுப்பது வீண்செலவு.

படி 1: உங்களுக்குத் தேவையா?

பெண்களுக்கு 65, ஆண்களுக்கு 70 வயது ஆகிவிட்டால் ஒருமுறை எடுப்பது நல்லது. அதற்கு முன்பே எடுக்க வேண்டியவர்களும் உண்டு: 45 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள், பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மூன்று மாதமாவது எடுத்தவர்கள், பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தவர்கள், டெனோஃபோவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்தை நெடுநாள் எடுப்பவர்கள், இளவயது உயரத்திலிருந்து 4 செ.மீ. குறைந்தவர்கள். உயரம் குறைந்திருந்தால் முதுகெலும்பு ஓசையில்லாமல் நசுங்கியிருக்கலாம்.

40 வயது தாண்டியவர்கள், அடுத்த பத்து வருடத்தில் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற இணையக் கணிப்பானையும் போட்டுப் பார்க்கலாம். அதில் பலர் செய்யும் பிழை, ‘இந்தியா’ என்ற நாட்டைத் தேர்ந்தெடுப்பது. நமக்கு உரியது தென்னாப்பிரிக்கா, அதன் கீழே இந்தியர் பிரிவு. சர்க்கரை உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவும். இரண்டாம் வகை நீரிழிவில், அடர்த்தி எண் நன்றாகத் தெரிந்தாலும் எலும்பு அதைவிட எளிதாக முறியும்.

ஃபார்மசியில் குதிகாலை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டை டெக்ஸாவுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அது உதவாது.

படி 2: புக்கிங்

டாக்டரின் கடிதம் வேண்டும். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பு) இருந்தால் கடிதத்தில் நோயைக் குறிக்கும் ஐ.சி.டி.-10 குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் பிளானில் இதற்குப் பணம் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். அரசு வழியில் போகிறவர்கள் கிளினிக்கில் தொடங்க வேண்டும். மெஷின் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும், காத்திருக்கவும் நேரும்.

போனில் இரண்டு கேள்வி கேட்கலாம். முதுகெலும்பு, இடுப்பு இரண்டையும் எடுப்பீர்களா? மேசை எத்தனை கிலோ தாங்கும்? பழைய மேசைகள் பல 136 கிலோவோடு சரி. அதற்கு மேல் எடை உள்ளவர்களுக்கு முன்கையில் எடுப்பார்கள்.

படி 3: முந்தின நாளும் உடையும்

கால்சியம் மாத்திரையை மட்டும் 24 மணி நேரம் நிறுத்துங்கள். கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால், படத்தில் முதுகெலும்பின்மேல் வெள்ளைப் பொட்டாக விழும், மெஷின் அதையும் எலும்பாக எண்ணிவிடும். சாப்பாட்டுக்குத் தடை இல்லை. முள்ளோடு வெந்த பில்ச்சர்ட் மீன் கறி, அமாசி என்ற புளித்த பால் எதுவானாலும் சாப்பிடலாம். மற்ற மருந்துகளும் வழக்கம்போலவே. பேரியம் குடித்தோ, மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேனோ எடுத்திருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நம்மவர்களிடம் அதிகம் தவறுவது உடையில்தான். அரைஞாண் கயிற்றில் கட்டிய தாயத்து சரியாக நாலாவது இடுப்பு முள்ளெலும்பின்மேல் உட்காரும். வெள்ளியோ செம்போ, படத்தில் அது எலும்பைவிட வெள்ளையாகத் தெரியும். சேலை மடிப்பில் குத்திய ஊக்கு, ஜரிகைக் கரை, ஜீன்ஸ் ஜிப், இடுப்பில் செருகிய சாவி எல்லாம் இப்படித்தான். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் கழுத்தை ஒட்டி மேலே இழுத்து வைத்துக்கொள்ளலாம். இடுப்புக் கயிற்றைக் கழற்றியே ஆக வேண்டும். ஜிப் இல்லாத டிராக்சூட் போட்டுப் போனால் தொல்லையே இல்லை.

படி 4: மேசையில்

குகைக்குள் தள்ளுவார்கள் என்று பயப்பட வேண்டாம். திறந்த மேசைதான், கை ஒன்று மேலே நகரும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கதிர்வீச்சு 10 மைக்ரோசீவெர்ட் அளவு. இயற்கையாகவே ஒரு வருடத்தில் சராசரியாக ஒருவர்மேல் படுவது சுமார் 2,400.

உயரமும் எடையும் அன்றே அளக்க வேண்டும், நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளக் கூடாது. முதுகெலும்புக்குக் காலைத் தூக்கி ஒரு சதுரத் திண்டின்மேல் வைப்பார்கள், கீழ்முதுகின் வளைவு தட்டையாவதற்காக. இடுப்புக்குப் பாதத்தை உள்பக்கம் 15 முதல் 25 டிகிரி திருப்பிப் பட்டை போடுவார்கள். பாதத்தை மட்டும் திருப்பினால் போதாது, தொடையிலிருந்தே முழுக்கால் திரும்ப வேண்டும். படத்தில் தொடை எலும்பின் உள்பக்கச் சிறு புடைப்பு பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் கால் போதிய அளவு திரும்பவில்லை. அப்போது தொடை எலும்பின் கழுத்து படத்தில் குறுகி விழும், அடர்த்தி பொய்யாகக் கூடிக் காட்டும்.

செயற்கை மூட்டு வைத்த பக்கத்தில் எடுக்கக் கூடாது. எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

படி 5: பேப்பரைப் படிப்பது

டி ஸ்கோர் உங்களை இளவயதினரோடு ஒப்பிடுவது. −1.0 வரை இயல்பு. −1.0க்கும் −2.5க்கும் இடையில் அடர்த்திக் குறைவு. −2.5ஓ அதற்குக் கீழோ எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லை இது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கும், சம வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரைப் பார்க்க வேண்டும்.

எண்ணைப் பார்க்கும் முன் படத்தைப் பாருங்கள். எல்1 முதல் எல்4 வரை என்பவை கீழ்முதுகின் முள்ளெலும்புகள், மேலிருந்து கீழாக. எல்1 −2.8, எல்2 −2.6, எல்3 −1.1, எல்4 −0.7 என்று ஒரு அட்டவணை வந்தால், மொத்தம் −1.8 அளவில் வந்து ‘அடர்த்திக் குறைவு’ என்று அச்சாகும். ஆனால் எல்3, எல்4 நல்லாயிருக்கின்றன என்று சந்தோஷப்பட முடியாது. வயதானால் அங்கே தேய்மானத்தில் வளர்ந்த எலும்பு முள் கால்சியமாகக் கணக்கில் ஏறுகிறது. நசுங்கிய முள்ளெலும்பும் இப்படித்தான் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். பக்கத்து எலும்புக்கு 1.0க்கு மேல் வித்தியாசம் இருந்தால், காரணம் பார்த்து அதை விலக்குவார்கள். இங்கே எல்1, எல்2 மட்டும் எடுத்தால் −2.7, அதாவது எலும்புப்புரை. குறைந்தது இரண்டு முள்ளெலும்பாவது மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் முதுகை விட்டுவிட்டு வேறு இடத்தை வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இடுப்பில் மொத்த இடுப்பையும் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியையும் பாருங்கள். ‘வார்ட்’ என்று ஒரு வரி மிகக் குறைவாக இருக்கும். அதை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை.

படி 6: அடுத்த ஸ்கேனோடு ஒப்பிடுவது

மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் அடுத்தது. டி ஸ்கோரை அல்ல, சதுர செ.மீ.க்கு எத்தனை கிராம் என்ற எண்ணை ஒப்பிடுங்கள். முதலில் 0.842, இப்போது 0.818 என்றால் 2.9% குறைவு. பதற வேண்டாம். ஒரே ஆளை அன்றே இருமுறை படுக்கவைத்து எடுத்தாலும் எண் கொஞ்சம் ஆடும். முதுகெலும்பில் 5.3% வரை ஆட்டத்தை உலக அளவில் ஏற்கிறார்கள், நல்ல சென்டர்களில் இதைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் சென்டரின் அளவு என்ன என்று கேட்டால் சொல்ல வேண்டும். அதே 0.842 இப்போது 0.790 ஆகியிருந்தால் 6.2% இறக்கம், அது உண்மையான இழப்பு. அப்போது மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா, டாக்டர் சொன்னபடி வெறும் வயிற்றில் போட்டீர்களா என்பதிலிருந்து விசாரணை தொடங்கும்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே மெஷினுக்குத்தான் பொருந்தும். ஹோலாஜிக், லூனார் ஆகிய இரண்டு வகை மெஷின்களும் ஒரே முதுகுக்கு வேறு வேறு எண் தரும், லூனாரில் கூடுதலாக வரும். ஆகவே படம் அச்சிட்ட முழு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், வெறும் கடிதம் போதாது. அடுத்த முறை சென்டர் புது மெஷின் வாங்கியிருந்தால், பழையதோடு அளவு பொருத்திப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் அன்று எடுப்பதுதான் உங்கள் முதல் ஸ்கேன்.