சின்ன சிஎன்சிக்கு ஒரு குட்டி கெர்னல்: முதல் டாஸ்க் ஓடும் வரை

கணினிக் கட்டளைப்படி மோட்டார்களை நகர்த்தி வேலை செய்யும் சிஎன்சி இயந்திரத்துக்கு, பல வேலைகளை (டாஸ்க்) மாற்றி மாற்றி ஓடவிடும் ஒரு சிறு மென்பொருளை, அதாவது கெர்னலை, எழுதப் போகிறோம். அதற்குக் கடைகளில் ‘ப்ளூ பில்’ என்று விற்கும் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று போதும். 72 மெகாஹெர்ட்ஸ், 20 கேபி ரேம். சி மொழியில் பாயின்டர் பழகியிருந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில், கெர்னலிடம் எதைக் கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் போகும். மோட்டாரை ஓட்டும் டிரைவரில் ஒரு ஸ்டெப்பை 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்தால் 3,200. நிமிடத்துக்கு 300 சுற்று வேண்டுமென்றால் நொடிக்கு 16,000 பல்ஸ் (மைக்ரோஸ்டெப்புக்கு ஒரு மின்துடிப்பு), அதாவது 62.5 மைக்ரோநொடிக்கு ஒன்று. நம் கெர்னலோ மில்லிநொடிக்கு ஒருமுறைதான் கண் விழிக்கும். எனவே பல்ஸ் வேலை ஹார்டுவேர் டைமருக்கு. அடுத்த நகர்வைக் கணக்கிடுவதும் பட்டன், திரையைக் கவனிப்பதும் டாஸ்க்குகளுக்கு. அவசர நிறுத்த பட்டனை மட்டும் மென்பொருளை நம்பி விடாதீர்கள். அழுத்தினால் மோட்டாருக்கான மின்சாரமே அறுபடும்படி வயரிங் செய்யுங்கள்.

சரி, டிக், அதாவது கெர்னலை எழுப்பும் அந்த மில்லிநொடித் துடிப்பு. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிஸ்டிக் டைமரில் 71,999 எழுதினால், ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் மில்லிநொடிக்கு ஒன்று வரும். எண்ணிக்கை பூஜ்யத்தையும் சேர்ப்பதால்தான் ஒன்று குறைவு.

அடுத்தது ஸ்டாக், அதாவது டாஸ்க் தன் தற்காலிக மதிப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். டாஸ்க் ஒவ்வொன்றுக்கும் 1 கேபி அரே ஒதுக்குங்கள். இன்டரப்ட் வந்ததும் ப்ராசஸர் தானாகவே எட்டு ரிஜிஸ்டர்களை (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) ஸ்டாக்கில் அடுக்கிவிடும்: ஆர்0 முதல் ஆர்3, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர். ஆர்4 முதல் ஆர்11 வரை நம் பொறுப்பு. இன்னும் ஒருமுறைகூட ஓடாத டாஸ்க்கின் ஸ்டாக்கை, பாதியில் நிறுத்தப்பட்டது போல நாமே ஜோடித்து வைக்க வேண்டும். அடுத்து ஓட வேண்டிய கட்டளையைக் காட்டும் பிசி இருக்கும் இடத்தில் டாஸ்க் ஃபங்ஷனின் முகவரி. ப்ராசஸரின் நிலையைக் குறிக்கும் எக்ஸ்பிஎஸ்ஆரில் 24-ஆம் பிட் 1. அந்த ஒற்றை பிட்டை மறந்துவிட்டு, ஹார்ட் ஃபால்ட் என்னும் ப்ராசஸர் பிழையோடு இரண்டு இரவு மல்லுக்கட்டியவன் நான்.

டாஸ்க் மாற்றத்தைச் சிஸ்டிக்குக்குள்ளேயே செய்யாதீர்கள். சிஸ்டிக் அடுத்த டாஸ்க்கைத் தேர்ந்து, பென்ட்எஸ்வி என்ற, மென்பொருளே தூண்டக்கூடிய இன்டரப்ட்டைத் தூண்டிவிட்டால் போதும். பழைய டாஸ்க்கின் ஆர்4–ஆர்11 சேமிப்பு, பிஎஸ்பியை (டாஸ்க்கின் ஸ்டாக் பாயின்டர்) மாற்றுவது, புதிய டாஸ்க்கின் ஆர்4–ஆர்11 மீட்பு எல்லாம் பென்ட்எஸ்வியில், இருபது வரி அசெம்பிளிக்குள் முடியும். சிஸ்டிக், பென்ட்எஸ்வி இரண்டுக்கும் ஆகக் குறைந்த இன்டரப்ட் பிரையாரிட்டி (முன்னுரிமை) கொடுங்கள். அப்போதுதான் பல்ஸ் டைமர் இவற்றுக்காகக் காத்திருக்காது.

அடுத்த டாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் ஒரு ஃபார் லூப்தான்: தயாராக இருப்பவற்றில் உயர்ந்த பிரையாரிட்டி எதுவோ அது ஓடும். அடிக்கடி வரும் வேலைக்கு உயர்ந்த பிரையாரிட்டி. கணினி ஆய்வாளர்கள் லியுவும் லேலண்டும் 1973-இல் சொன்ன விதி. எதுவும் தயாராக இல்லாத நேரத்துக்கு சும்மா சுற்றும் ஒரு ஐடில் டாஸ்க்.

ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பயன்படுத்த வைக்கும் பூட்டான மியூடெக்ஸைச் சேர்க்கும்போது, பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸும் (பூட்டை வைத்திருக்கும் டாஸ்க்குக்கு, அதற்காகக் காத்திருக்கும் டாஸ்க்கின் உயர்ந்த பிரையாரிட்டியைத் தற்காலிகமாகக் கொடுப்பது) சேர்த்தே எழுதுங்கள். அது அணைந்து கிடந்ததால்தான் 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது.

அப்புறம், ஒவ்வொரு டாஸ்க்கும் போர்டில் ஒரு பின்னை (இணைப்பு முனை) மாற்றி மாற்றி ஆன், ஆஃப் செய்யட்டும். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அலை ஆடாமல் சீராக நிற்கிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். மோட்டாரை அதற்குப் பிறகு இணைக்கலாம், முதல் தடவை பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு.