எம்ஜிபி காரை வீட்டிலேயே ட்யூன் செய்யலாம்: கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், வீட்டில் கார் வேலை பழக நினைப்பவர்களுக்கு அருமையான வண்டி. 5 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். உதிரி பாகங்கள் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. 1798 சிசி எஞ்சின், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. நம் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே பி-சீரீஸ் குடும்பம்தான். அம்பாசடருக்கு டேப்பட் (வால்வு இடைவெளி) செட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, எம்ஜிபியின் பானெட்டைத் திறந்ததும் பாதி புரிந்துவிடும்.

என்னுடையது 1965 மாடல். கீழே உள்ள அளவுகள் அதற்கானவை. 70களில் வந்த வண்டிகளில் டைமிங்கும் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரம்) கார்புரேட்டரும் மாறியிருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி குலுங்கினால், திணறினால் புதியவர்களின் கை நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகும். நானும் முதல் வருஷம் அப்படித்தான் இரண்டு வாரக் கடைசிகளைத் திருகித் திருகியே கழித்தேன். கோளாறு பாயின்டில் இருந்தது. தீப்பொறி வரவேண்டிய கணத்தில் திறக்கும் சின்ன சுவிட்ச் அது: கேமில் உரசும் அதன் குதிகால் தேய்ந்து, இடைவெளி பாதியாகச் சுருங்கியிருந்தது. அதனால் வரிசையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: டேப்பட், பிளக், பாயின்ட், டைமிங், அப்புறம்தான் கார்புரேட்டர்.

தொடங்கும் முன்

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சின்ன 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் வைத்த டெஸ்ட் லேம்ப், அங்குல அளவு ஸ்பானர் செட், இவை போதும். மி.மீ. ஸ்பானரை வைத்துச் சமாளிக்காதீர்கள். அரை அங்குல நட்டு 12.7 மி.மீ.; 13 மி.மீ. ஸ்பானர் மாட்டிக்கொள்ளும், ஆனால் கொஞ்ச நாளில் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும்.

எஞ்சின் ஓடும்போது கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ரேடியேட்டர் விசிறி பெல்ட்டில் சுற்றுவது, ஆகவே தொங்கும் சட்டைக் கையும் கழுத்துச் சங்கிலியும் வேண்டாம்.

டேப்பட்

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள், வால்வு மூடியைத் திறங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்காவது கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். பிளக் இல்லாததால் ஒரு கையே போதும்.

மொத்தம் 8 வால்வுகள். முன்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். இங்கே ஒரு அழகான கணக்கு இருக்கிறது: கூட்டினால் 9 வர வேண்டும். 8ஆவது வால்வு முழுக்கத் திறந்து, ஸ்பிரிங் அமுங்கி நிற்கும்போது 1ஆவதைச் சரிசெய்யுங்கள். 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5. எட்டும் முடியும்வரை இதே கணக்கு.

இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. அரை அங்குல லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூடிரைவரால் திருகுங்கள். கேஜ் லேசாகப் பிடித்தபடி நகர வேண்டும். இறுகவும் கூடாது, வழுக்கவும் கூடாது. நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே நகரும், அதனால் இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி கொஞ்சம் கூடினால் சத்தம்தான் வரும். குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும்.

பிளக், பாயின்ட்

பிளக் இடைவெளி 0.025 அங்குலம். மாட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள்.

தீப்பொறியை நான்கு பிளக்குகளுக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். பாயின்ட் அதற்குள்தான் இருக்கிறது. பாயின்டின் குதிகால் கேம் மேட்டின் உச்சியில் வரும்படி எஞ்சினைச் சுற்றி, இடைவெளியை 0.015 அங்குலமாக வையுங்கள். கேம் மேல் துளி கிரீஸ் தடவுங்கள். அது இல்லாமல்தான் குதிகால் தேய்கிறது.

டைமிங்

பாயின்டுக்குப் பிறகே டைமிங். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங்கும் அதோடு நகர்ந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் முதல் சிலிண்டரின் ஒயர் இருக்கும் பக்கம் பார்க்க, கிராங்க் புல்லியின் குறி 10 டிகிரிக்கு நேராக வரட்டும். பழைய மாடல்களில் இந்தக் குறி அடிப்பக்கம் இருக்கும். குனிந்து பார்க்க வேண்டும். டெஸ்ட் லேம்பின் ஒரு ஒயரை, காயிலிலிருந்து (தீப்பொறிக்கான உயர் வோல்ட்டேஜ் தரும் பாகம்) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் மாட்டுங்கள், மற்றதை பாடியில். இந்த வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது, ஆனால் பல்புக்கு அந்தப் பேதம் கிடையாது.

இக்னிஷனைப் போட்டு, கிளாம்ப்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பல்பு அணையும்வரை இடப்புறம் (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்) திருப்புங்கள். பிறகு மெதுவாக வலப்புறம். பல்பு எரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். இக்னிஷனை அணைக்க மறக்காதீர்கள், காயில் சூடாகிவிடும். ஏற்றத்தில் எஞ்சின் 'கிணுகிணு' என்று சத்தம் போட்டால், டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் சின்ன நட்டை ஆர் (தாமதம்) குறிப் பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள்.

இப்போது கார்புரேட்டர்

இரண்டு எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்கள். எனக்கு இந்தக் காரிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். காற்றின் அளவுக்கு ஏற்ப பிஸ்டன் தானாக ஏறி இறங்கும். அதன் ஊசி பெட்ரோலை அளந்து விடும். அவ்வளவு எளிமை.

ஒவ்வொன்றின் மேல்மூடியையும் கழற்றி, பிஸ்டனை பெட்ரோல் துணியால் துடைத்து, உலர்ந்தபடியே வையுங்கள். பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் டாம்பரில் மட்டும் எண்ணெய். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும்.

கீழே இருக்கும் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) நட்டை மேலே முழுக்க ஏற்றி, இரண்டு சுற்று இறக்குங்கள். ஆறு பக்க நட்டு, ஆக 12 பக்கங்கள். இது தொடக்க நிலை.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே 'ஸ்ஸ்' சத்தம் வரும்வரை ஐடில் திருகுகளைச் சரிசெய்யுங்கள். அவசரப்படாதீர்கள், காது பழக நேரமாகும்.

அடுத்தது கலவை. பிஸ்டனைத் தூக்கும் சின்ன பின்னை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம்: நட்டை ஒரு பக்கம் (ஆறில் ஒரு சுற்று) மேலே. உடனே திணறினால் குறைவு: ஒரு பக்கம் கீழே. ஒரு கணம் லேசாகக் கூடித் திரும்பினால் சரி. முன் கார்புரேட்டரைத் தொட்டால் பின் கார்புரேட்டரும் மாறும், அதனால் இரண்டையும் மாறிமாறிப் பாருங்கள். இடையிடையே கொஞ்சம் ரேஸ் கொடுத்து எஞ்சினைத் தெளிய விடுங்கள். முடிந்ததும் கிளாம்ப்பை இறுக்குங்கள்.

பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பம்புகளில் வருவது இ10 பெட்ரோல், அதாவது 10% வரை எத்தனால் கலந்தது. அதன் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். எத்தனால் குறைவான இ5 சூப்பர் போடுங்கள், குழாய்களையும் தொட்டுப் பாருங்கள்.

15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றுங்கள். இளம்பழுப்பு நல்லது. 1, 2 கறுத்திருந்தால் முன் கார்புரேட்டர், 3, 4 கறுத்திருந்தால் பின்னது. அந்த நட்டை ஒரே ஒரு பக்கம் மேலே ஏற்றி, மறுபடி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.