எழுவாயைக் கவனியுங்கள்: ரங்கூன் தமிழ்க் குடும்பங்களுக்குச் செய்தி படிக்க ஒரு வழிகாட்டி

சென்ற மழைக்காலத்தில் எங்கள் கோயில் வைபர் குழுவுக்குப் பர்மிய மொழியில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. புறநகர்ச் சந்தையில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பாமாயிலில் பழைய எண்ணெயைக் கலந்து விற்றுப் பிடிபட்டார், முஸ்லிம் கடைகளில் எண்ணெய் வாங்காதீர்கள், முஸ்லிம்களுக்கு இது வழக்கம்தான், உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று அதில் இருந்தது. அதை ஒரு தாளில் எழுதி, மனிதரைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிலால் கோடிட்டேன். சமயப் பெயர் மூன்று இடங்களில் நின்றது. கடையின் பெயரோ, சந்தையின் பெயரோ, பிடித்தவர் யார் என்பதோ, பிடிபட்ட நாளோ ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பென்சில் வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிளவுபட்ட ஒரு சமுதாயத்தில் ஊடகங்கள் பொய் சொல்லித்தான் மக்களை மோதவிடுகின்றன என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பொய் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மெய்யான செய்தியிலும் யாரைத் தனி மனிதராகவும் யாரை ஒரு கூட்டமாகவும் எழுதுவது என்ற தேர்வு இருக்கிறது, ஊர் எதைப் பற்றிச் சண்டையிடும் என்பதைப் பெரும்பாலும் அந்தத் தேர்வே முடிவுசெய்கிறது.

செய்முறை எளிது. முதலில் தலைப்பையும் முதல் பத்தியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, வாக்கியத்தின் எழுவாய் எது என்று பாருங்கள். அது ஆளின் பெயரா, தொழிலா, பதவியா, அல்லது இனமோ சமயமோ? பிறகு அந்த இனப் பெயரை அடித்துவிட்டு மீண்டும் படியுங்கள். செய்திக்குக் குறை ஒன்றும் வரவில்லையென்றால் அந்தச் சொல் தகவலுக்காக அங்கே வைக்கப்படவில்லை. எண்ணெய்ச் செய்தியில் அதை நீக்கினால் எஞ்சுவது ஒரு வியாபாரியின் கலப்படம். அது நகராட்சியில் புகார் செய்ய வேண்டிய விஷயம், கோயில் குழுவில் பேச வேண்டியது அன்று.

புள்ளிவிவரம் சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நம் பாட்டன்மார் காலத்துக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் வட்டிக்குக் கடன் கொடுத்த நகரத்தார் (செட்டியார்) வசமிருந்த விளைநிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காட்டை எட்டியது. எண்கள் மெய்யானவை. 'செட்டியார் நிலத்தை விழுங்கினார்' என்று அந்நாளில் பேசியவர்கள் ஒரு விதத்தில் நடந்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது, விவசாயியால் கடனைத் திருப்ப முடியவில்லை, ரொக்கத்தை எதிர்பார்த்து ஈட்டின்மேல் கடன் கொடுத்தவரின் கைக்கு நிலமே வந்துசேர்ந்தது. நெல் விலையை எழுவாயாக வைத்து எழுதியிருந்தால் விவாதம் ஏற்றுமதி, வரி, கடன் சட்டம் என்று போயிருக்கும்; செட்டியாரை வைத்ததால் அது இந்தியரை வெளியேற்றுவது பற்றியதாயிற்று. வட்டி வாங்கியவர்கள் எல்லாரும் தருமவான்கள் என்று நான் வாதிட வரவில்லை. இழந்த நிலத்துக்காக அந்த விவசாயி கொண்ட கோபத்துக்கும் நியாயம் இருந்தது.

1938 ஜூலைக் கலவரத்தையும் இந்த முறையில் படித்துப் பார்க்கலாம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் எழுதி, பெரும்பாலோர் கண்ணில் படாமல் கிடந்த ஒரு சிறு நூலில் பௌத்தத்தை இழிவுபடுத்தும் பகுதிகள் இருந்தன. பர்மியப் பத்திரிகைகள் அதைக் கையில் எடுத்து நாள்தோறும் எழுதின. ஜூலை 26ஆம் தேதி ஷ்வேடகோன் பகோடாவில் கண்டனக் கூட்டம் நடந்தது. அங்கிருந்து கிளம்பிய ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்தது. பிக்குகள் அடிபட்ட படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கலவரம் ரங்கூனைத் தாண்டியும் பரவியது. பின்னர் அரசு அமைத்த விசாரணைக் குழு பத்திரிகைகளின் பங்கைக் கடுமையாகச் சாடியது. ஒரு நூலாசிரியர் செய்த தவறு 'முஸ்லிம்கள்' செய்த தவறாக மாறியது முதல் படி. அது 'கலா' அனைவரின், அதாவது பர்மியர் அப்படி அழைக்கும் இந்திய வழியினர் எல்லாரின், தவறாக விரிந்தது அடுத்த படி. தெருவில் வந்த கும்பல், எதிரே நிற்பவர் நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று நின்று பார்க்கவில்லை. நம்மவரில் சிலர் இன்றும் முஸ்லிம்களைப் பற்றிய வதந்தியை உற்சாகமாகப் பரப்புவதைக் காணும்போது, இந்த இரண்டாம் படி அவர்களுக்கு மறந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடித்துவிட்டுப் படிப்பது போதாத இடங்களில் பெயரை மாற்றிப் போட்டுப் படியுங்கள். இதன் அருமையை நான் உணர்ந்தது 2017 செப்டம்பரில். அந்த மாதம் 11ஆம் தேதி முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள் என்று பௌத்தர்களுக்கும், அதே நாளில் பௌத்தர்கள் தாக்கப் போகிறார்கள் என்று முஸ்லிம்களுக்கும் மெசஞ்சரில் தொடர்ச் செய்திகள் பறந்தன. ஒரு வீட்டில் ஒரு செய்தியும் அடுத்த வீட்டில் மற்றதும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆகவே இப்படி ஒரு செய்தி உங்களுக்கு வந்தால், மறுபக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் அவர்களுக்கு என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் கேட்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: குறிப்பிட்ட சொல்லைக் கண்டவுடனே குற்றம் என்று முடிவுகட்டாதீர்கள். அதே 2017இல் ஃபேஸ்புக் நிறுவனம் 'கலா' என்ற சொல்லை வசைச்சொல்லாகக் கருதி நீக்கத் தொடங்கியபோது, கடலைப் பருப்பான கலாபெ பற்றியும் 'கலா' என்றே தொடங்கும், நாற்காலியைக் குறிக்கும் சொல்லைப் பற்றியும் எழுதியவர்களின் பதிவுகள்கூடக் காணாமல் போயின. நாம் மசால் வடைக்கு வாங்கும் பருப்பு அது. சொல் நிற்கும் இடத்தையும் அது செய்யும் வேலையையும் மனிதர்தான் படித்தறிய வேண்டும்.

படங்களுக்கும் இதே கேள்விதான்: கீழே எழுதியிருக்கும் பெயர் உண்மையில் படத்தில் இருப்பவருடையதா? 2018இல் இராணுவத்தின் மக்கள் தொடர்புத் துறை, ரோஹிங்யா முஸ்லிம்கள் வாழும் மேற்கு மாநிலமான ராக்கைன் பற்றி வெளியிட்ட நூலில் 1971 டாக்கா படமும் 1996இல் எடுத்த ருவாண்டா அகதிகள் படமும் வேறு விளக்கத்தோடு அச்சாகியிருந்ததை ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. தவறான படங்களுக்காக இராணுவம் மன்னிப்புக் கேட்டது. கூகுள் படத் தேடலில் போட்டுப் பார்த்தால் பழைய படம் பெரும்பாலும் சிக்கிவிடும்.

2021 பிப்ரவரி முதல் நாளில் நடந்த இராணுவப் புரட்சிக்குப் பிறகு நம் நாட்டில் செய்தி இரண்டு உலகங்களாகப் பிரிந்துவிட்டது. மார்ச் 8 அன்று மிஸ்ஸிமா, டி.வி.பி., மியான்மர் நவ் உள்ளிட்ட ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. அவற்றில் பல தலைமறைவாகவும் எல்லைக்கு அப்பாலிருந்தும் எழுதுகின்றன. அரசு நாளிதழில் எதிர்த்தரப்பு முழுவதும் 'பயங்கரவாதிகள்'. எதிர்த்தரப்பின் முகநூல் பக்கங்கள் பலவற்றில் படைவீரர் அனைவரும் 'நாய்கள்'. இரண்டு தரப்பும் சமம் என்று நான் சொல்லவில்லை, ஆயுத பலத்தால் ஆட்சியைப் பிடித்தது யார் என்பது ஊரறிந்தது. ஆனாலும் படிக்கும் முறை ஒன்றுதான். அரசு நாளிதழை ஆணைகளுக்கும் அறிவிப்புகளுக்கும் படியுங்கள். அங்கே அது தன் வாயாலேயே பேசுகிறது. சம்பவங்களுக்கு வெளியிலிருந்து எழுதும் ஊடகங்களில் குறைந்தது இரண்டைப் பாருங்கள். ஊர், நாள், கண்டவர் கூற்று ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, வசைப்பெயர்களை விட்டுவிடுங்கள்.

பகிர்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சம் விளைவிப்பது, பொய்ச் செய்தி பரப்புவது ஆகியவற்றுக்காக 2021இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 505ஏ பிரிவு மூன்றாண்டு வரை சிறைக்கு வழி செய்கிறது. எது பொய் என்று தீர்மானிப்பது நீங்கள் அல்ல. சோதனைச் சாவடியில் கைப்பேசியைத் திறக்கச் சொல்வதும் உண்டு. ஆகவே மெய்யென்று தெரிந்த செய்தியையும் நேரில் சொல்வதே பல வேளைகளில் நல்லது.

கடினமானது, பெரியவர் ஒருவர் குழுவில் போட்டதை மறுப்பது. எல்லார் முன்னிலும் 'இது பொய்' என்று எழுதினால் பேச்சு செய்தியை விட்டு மரியாதைக்குப் போய்விடும். எண்ணெய்ச் செய்தியை அனுப்பியவர் என் பெரியப்பா. அவருக்குத் தனியாக, "பெரியப்பா, எந்தக் கடை என்று சொன்னால் நாங்களும் ஒதுங்கிக்கொள்வோம், கடையின் பெயர் ஏதும் வந்ததா?" என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. மாலையில் பார்த்தபோது குழுவில் அந்தச் செய்தி நீக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை அவரிடமிருந்து வழக்கம்போல் முருகன் படத்தோடு வணக்கம் வந்தது.