பழைய குடும்பக் காருக்கு எவ்வளவு செலவிடலாம்? பட்ஜெட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அஞ்சு லட்சம் இருக்கு, அதுக்குள்ள ஒரு நல்ல வண்டி பாருங்க.” புரோக்கரிடம் இப்படிச் சொன்ன நிமிடமே பேரம் பாதி முடிந்துவிடுகிறது. அவர் காட்டும் வண்டிகள் எல்லாம் 4.90, 4.95 என்றே இருக்கும். வண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று மற்ற செலவுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அதற்குப் பணம் எடுத்து வைத்திருக்க மாட்டோம்.

கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். முதல் மூன்று மாதச் செலவை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சும் தொகைக்கு வண்டி தேட வேண்டும். 2019-ல் வந்த, 60,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். நான்கு டயர் 18,000, பேட்டரி 5,000, ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் சேர்த்து ஃபுல் சர்வீஸ் 7,000, பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் வேலை 6,000, ஃபுல் இன்சூரன்ஸ் 12,000, ஏஜென்ட் கூலியோடு பெயர் மாற்றம் 4,000, வாங்கும் முன் மெக்கானிக் பார்வைக்கு 1,500. மொத்தம் 53,500. கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்னொரு 12,000. இவை தவிர, ஏ.சி. கம்ப்ரஸர் போல எதிர்பாராத ஒன்று போனால் சமாளிக்க 25,000 தனியாக இருக்க வேண்டும். ஆக ஏறத்தாழ 90,000. ஐந்து லட்சம் வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய கார் 4,10,000 ரூபாய்க் கார்.

ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் இந்தத் தொகைகள் கொஞ்சம் ஏறி இறங்கும். பலரும் கவனிக்காதது வேறொன்று: பட்ஜெட் சிறிதாக ஆக, இந்தச் செலவின் பங்கு பெரிதாகும். இரண்டு லட்ச ரூபாய்க் காருக்கும் அதே டயர்தான், அதே பேட்டரிதான். அங்கே 60,000 ஒதுக்கினால் அது முப்பது சதவீதம். ஐந்து லட்சத்துக்குப் பதினைந்திலிருந்து இருபது சதவீதம் கழித்தால் போதும் என்ற கணக்கு இரண்டு லட்சத்துக்குப் பொருந்தாது.

டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) நன்றாக இருக்கிறதே என்று இதில் விட்டுவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத வண்டியில் பட்டன் தேயாது. ஆனால் நம் வெயிலில் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ஐந்தாறு வருடம் ஆன டயரை மாற்றும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

மாதத் தவணையை மட்டும் பார்ப்பது

“மாசம் 11,600 தானே, கட்டிடலாம்” என்பது அடுத்த சறுக்கல். பழைய காருக்கான கடன் வட்டி புதிய கார் கடனைவிடக் கூடுதல். 14 சதவீதத்தில் ஐந்து லட்சம் வாங்கினால், ஐந்து வருடத் தவணை சுமார் 11,630 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 1,98,000. அதே கடனை மூன்று வருடத்தில் அடைத்தால் தவணை 17,090, வட்டி 1,15,000. தவணையை இலகுவாக்கிக்கொள்ள 83,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதிலும், ஏழு வயதுக் காருக்கு ஐந்து வருடக் கடன் வாங்கினால் கடைசித் தவணை கட்டும்போது வண்டிக்கு வயது பன்னிரண்டு. அந்த வயதில் விற்கப் போனால் என்ன விலை வரும் என்பதையும் இன்றே யோசிக்க வேண்டும். மூன்று வருடத் தவணை கட்ட முடியவில்லை என்றால், அந்தக் கார் உங்கள் வரம்புக்கு மேலே இருக்கிறது.

இதில் இன்னொரு கண்ணி ‘ஃபிளாட் வட்டி’. “வெறும் 9 பர்சன்ட் சார்” என்பார்கள். மூன்று லட்சத்துக்கு ஆண்டுக்கு 9 வீதம் மூன்று வருடத்துக்கு 81,000 வட்டி. அதை அசலோடு கூட்டி 36 ஆல் வகுத்தால் தவணை 10,583. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு மூன்று லட்சத்துக்கும் கடைசி மாதம்வரை ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 16 சதவீதத்துக்கும் மேல். வங்கி சொல்லும் 13 சதவீதம் இதைவிட மலிவு.

வருடத்தில் இரண்டு நாளுக்காகப் பெரிய வண்டி

குலதெய்வம் கோயிலுக்கும் தீபாவளிக்கும் எல்லோரும் சேர்ந்து போக வேண்டும் என்று ஏழு சீட் வண்டிக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் கூடுதலாகப் போடுகிறவர்கள் உண்டு. மற்ற 360 நாளும் அதில் மூன்று பேர்தான் போவார்கள். 500 கிலோமீட்டர் பயணம் இரண்டு, வாடகை கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 20,000. கூடுதலாகப் போடும் இரண்டு லட்சத்தில் பத்து வருட வாடகை அடங்கிவிடும். வீட்டில் உண்மையிலேயே ஆறு பேர் தினமும் போகிறார்கள் என்றால் கணக்கு வேறு.

டீசலிலும் இதே மயக்கம்தான். டீசல் கார் ஒரு லட்சம் கூடுதல் என்று கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். டீசல் 93 ரூபாய், 19 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு மிச்சம் 1 ரூபாய் 84 காசு. போட்ட ஒரு லட்சம் திரும்பி வர 54,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மாதம் 800 ஓட்டுபவருக்கு அது ஐந்தரை வருடம். அதற்குள் இன்ஜெக்டரோ டர்போவோ வேலை வைத்தால் மிச்சம் அங்கேயே கரைந்துபோகும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 (புகை மாசு விதி) டீசல் என்றால் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரும் இருக்கும். நெடுஞ்சாலையில் சூடாக ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடம், காய்கறிக்கடை என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் வெளியூர் ஓட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் டீசல்.

பணத்தைக் கூட்டிப் போட வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. புதிய கார்களில், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலும், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலும் கட்டாயமாயின. முன்னால் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் எல்லா மாடலிலும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில். அதற்கு முந்தைய அடிப்படை வேரியண்டுகளில் பலவற்றில் இவை இல்லை. குழந்தைகளோடு போகும் வண்டிக்கு, அலாய் வீலுக்கும் சன்ரூஃபுக்கும் தரும் 30,000-ஐ இரண்டு ஏர்பேக் உள்ள வேரியண்டுக்குத் தருவது நல்லது. ஏர்பேக் எத்தனை என்பதை விற்பவர் வாயால் கேட்காமல் அந்த வேரியண்டின் பழைய பிரோஷரில் பாருங்கள்.

விளம்பர விலையை மார்க்கெட் விலை என்று நம்புவது

ஆப்களில் போடுவது கேட்கும் விலை. கைமாறும் விலை வேறு. ஒரே மாடல், ஒரே வேரியண்ட், ஒரே ஆண்டு என்று பத்து வண்டிகளைக் குறித்துக்கொண்டு இரண்டு வாரம் கவனியுங்கள். சீக்கிரம் மறைந்துபோகும் விளம்பரங்களின் விலைதான் உண்மை விலைக்கு நெருக்கம். மாதக்கணக்கில் தொங்கும் வண்டியை வைத்து மதிப்புப் போடாதீர்கள். ‘டாக்டர் ஓட்டின வண்டி’, ‘லேடி ஓனர்’, ஃபேன்சி நம்பர், இவற்றுக்கெல்லாம் விலை கூட்டிக் கேட்பார்கள். இன்ஜினுக்கு ஓனரின் தொழில் தெரியாது.

ஆண்டைப் பார்க்கும்போது பதிவு ஆண்டைப் பார்ப்பதும் தவறு. 2018 டிசம்பரில் தயாராகி 2019 மார்ச்சில் பதிவான வண்டி 2018 மாடல்தான். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) தயாரிப்பு மாதம், ஆண்டு தனியாக இருக்கும். இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐ.டி.வி. (காப்பீட்டுக்காகக் காருக்குப் போட்ட மதிப்பு) தொகையைக் காட்டி “கம்பெனியே இவ்வளவு மதிப்புப் போட்டிருக்கு” என்பார்கள். அது வயதை வைத்து அட்டவணைப்படி கழித்த தொகை. நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள எல்லாக் காருக்கும் 50 சதவீதக் கழிவு, அவ்வளவுதான். மார்க்கெட்டில் மவுசு உள்ள மாடல் அதற்கு மேலேயும், மவுசு இல்லாதது கீழேயும் போகும். செவர்லே 2017 இறுதியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த வண்டிகள் ஓட்ட அருமையானவை, விலையும் குறைவு. ஆனால் ஒரு பம்பருக்கோ லைட்டுக்கோ காத்திருக்கும் நாட்களும், திரும்ப விற்கும்போது இறங்கும் விலையும் அந்தக் குறைந்த விலைக்குள்ளேயே அடக்கம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வது

மார்க்கெட்டைவிட 80,000 குறைவாக ஒரு கார் வந்தால், யாரோ அந்த 80,000-ஐ உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டே பார்க்கத் தொடங்குங்கள்.

முதலில் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவி, பாலிஷ் போட்டு, வேறு மாவட்டத்தில் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல், முன்சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஈரப் படலம், புதிதாக மாற்றிய தரைவிரிப்பு எல்லாம் அறிகுறிகள். மின் இணைப்புகளில் பச்சை பூத்தால் ஒன்றன்பின் ஒன்றாக சென்சார்கள் போகும். அந்த வேலைக்கு எல்லை கிடையாது. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது மீட்டரைக் குறைத்த வண்டி. நம்பரைச் சொன்னால் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆனது என்ற வரலாறு இருக்கும். விற்பவரை உடன் அழைத்துப் போய்க் கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். மஞ்சள் போர்டில் டாக்ஸியாக ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாற்றிய வண்டிகளையும் இந்த வரலாறு காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது வெளி மாநில வண்டி. டெல்லியில் 10 வயது கடந்த டீசலுக்கும் 15 வயது கடந்த பெட்ரோலுக்கும் வந்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. வயதான வண்டிகள் மலிவாகத் தெற்கே வர அது ஒரு காரணம். புதுச்சேரி நம்பர் வண்டிகள் பக்கத்திலேயே கிடைக்கும். இவை தமிழ்நாட்டில் நிலையாக ஓட வேண்டுமானால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். வரி எவ்வளவு என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரின் வயதையும் விலையையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அதைக் கூட்டினால் பல ‘டெல்லி வண்டி’கள் உள்ளூர் வண்டி விலைக்கே வந்து நிற்கும்.

15 வயதை நெருங்கும் கார்களில் இன்னொரு செலவு உண்டு: பதிவைப் புதுப்பிப்பது. மத்திய அரசு நிர்ணயித்த கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது. பசுமை வரியும், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) காட்டும் முன் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயிண்ட் வேலையும் தனி.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற நிம்மதி

“இன்னும் எட்டு மாசம் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு” என்று அதற்கும் விலை சேர்த்துக் கேட்பார்கள். பாலிசியில் உள்ள நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது விற்பவருக்குச் சொந்தம். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது, அவருக்குக் கிடைத்த தள்ளுபடியில் மீதி மாதங்களுக்கான பங்கை நீங்கள் கட்ட வேண்டும். ஐம்பது சதவீதத் தள்ளுபடி இருந்த பாலிசி என்றால் அது சில ஆயிரங்கள். கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியில் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் எதிர்த்தரப்புக்கு இழப்பீடு கிடைக்கும்; ஆனால் உங்கள் காரின் சேதத்துக்குக் கேட்கும் கிளைம் மறுக்கப்படலாம். உங்கள் பழைய காரை விற்றிருந்தால், அதில் சேர்ந்த போனஸை மூன்று வருடத்துக்குள் இந்த வண்டிக்குக் கொண்டுவரலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.

முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுப்பது

அட்வான்ஸ் ஐந்தாயிரம், பத்தாயிரம் போதும். கொடுக்கும் முன் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். போக்குவரத்து அபராதப் பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். இருந்தால் விற்பவரே கட்டட்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், “லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு” என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவர் தரும் என்.ஓ.சி.யும் ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்கும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். கடன் இன்னும் ஓடுகிறது என்றால், பாக்கித் தொகையை நேராக அந்தக் கடன் கணக்கில் கட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் விற்பவரிடம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வாங்கி, உள்ளூர் ஆர்.டி.ஓ.வில் 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

விலையைக் கடைசியாக முடிக்கும் நாளில் மெக்கானிக்கின் செலவுப் பட்டியலைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். “கொஞ்சம் குறைங்க” என்றால் ஐந்தாயிரம் குறையும். “கிளட்ச் 12,000, ரெண்டு ஷாக் அப்சார்பர் 7,000” என்று எழுதிக் காட்டினால் அந்தத் தொகையை ஒட்டியே பேச்சு நடக்கும். வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் நீலப் புகையும் சத்தமும் தெரியும். பிறகு இரண்டாவது சாவியைக் கேளுங்கள். இல்லை என்றால், சிப் உள்ள சாவி செய்ய ஆகும் செலவையும் அதே காகிதத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.