பழைய லேப்டாப்புக்கு ஹைபிரிட்டா, எஸ்எஸ்டியா?

பத்து வருடப் பழைய லேப்டாப் மந்தமாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், டிஸ்க்கை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் யாராவது ஒரு டிபி ஹைபிரிட் டிரைவை செகண்ட்ஹேண்டில் மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், எஸ்எஸ்டியையே, அதாவது முழுக்க சிப்பிலேயே டேட்டாவை வைக்கிற டிஸ்க்கையே, போடுங்கள்.

ஹைபிரிட் என்பது சுழலுகிற சாதாரண ஹார்ட் டிஸ்க்தான், கூடவே பெரும்பாலும் 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி (பென்டிரைவில் இருக்கிற மாதிரி சிப்) இருக்கும். அடிக்கடி திறக்கிற ஃபைல்களை அதில் வைத்துக்கொள்வதால், சில முறை ஆன் செய்த பிறகு விண்டோஸ் கொஞ்சம் வேகமாக வரும். சரி, ஆனால் மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டூடியோவை நினைத்துப் பாருங்கள், வாரா வாரம் புதுப் படங்கள் வந்து விழும், புது ஃபோல்டரைத் திறக்கும்போது அந்த 8 ஜிபியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, தட்டு சுழன்று தேடி எடுத்துத்தான் தர வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலுகிற பாகமே கிடையாது.

"பழைய மெஷின், சாட்டா 2தானே, எஸ்எஸ்டி வீண்" என்பார்கள். நம்பாதீர்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா இணைப்பின் பழைய தலைமுறையான சாட்டா 2 நொடிக்கு 300 எம்பியைத் தாண்டாது என்பது உண்மைதான், ஆனால் பழைய டிஸ்க் திணறுவதே சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி அலைவதில்தான், எஸ்எஸ்டியில் அந்த அலைச்சல் இல்லை.

2.5 இஞ்ச் சாட்டா என்றே கேட்டு வாங்குங்கள். விண்டோஸுக்கும் சாஃப்ட்வேருக்கும் 256 ஜிபி தாராளம். எஸ்எஸ்டியின் கனம் 7 மில்லிமீட்டர், பழைய லேப்டாப்பில் இடம் பெரும்பாலும் 9.5, ஆடினால் ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்தால் போதும். லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கிற பயாஸ் செட்டிங்கில் டிஸ்க் முறை ஐடிஇ (பழையது) என்று இருந்தால் முதலில் ஏஹெச்சிஐ (புதியது) ஆக்கிவிட்டு அப்புறம் விண்டோஸ் போடுங்கள், போட்ட பிறகு மாற்றினால் நீலத்திரை வரலாம். படங்களுக்கு இடம் பத்தாதா? டிவிடி டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் டிஸ்க்கைப் பிடிக்கிற கேடி என்ற சட்டத்தைப் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை அங்கே மாட்டிவிடலாம். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வரும், அளந்து வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இடி மின்னலோடு கரண்ட் சட்டென்று போகும், டிஸ்க்கில் டேட்டா பதிவாகிக்கொண்டிருக்கும்போது போனால் எஸ்எஸ்டியும் கெடலாம். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் புது பேட்டரி போடுங்கள், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வையுங்கள். எஸ்எஸ்டி பல நேரம் முன்கூட்டி எதுவும் காட்டாமல் நின்றுவிடும், டேட்டாவை மீட்பதும் கஷ்டம், அதனால் முக்கியமான படங்களுக்கு வெளியே இன்னொரு டிஸ்க்கில் காப்பி வைத்த பிறகே பழையதை ஃபார்மேட் செய்யுங்கள்.